உழைச்ச கை, நின்ன கால்

எங்க தாத்தா கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். கரிசல்காட்டில் பருத்தியும் கம்பும் விளைவித்த கை. சின்ன வயசில் விரலால் அமுக்கி விளையாடுவேன். அமுங்கும், விட்டால் மறுபடி எழும்பும். ‘உழைச்ச கைடா’ என்று ஊரே பெருமையாகச் சொல்லும்.

சமீபத்தில் மனைவியோடு கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். மேல்தட்டுச் சேலையை எடுக்க ஸ்டூலில் ஏறினார் விற்பனைக்கு நின்ற அக்கா. கணுக்காலுக்கு மேலே நீலமாய்ச் சுருண்டு கிடந்தது நரம்பு. சுற்றிலும் தோல் கறுத்திருந்தது.

“என்னக்கா இது?” என்றாள் என் மனைவி.

“பதிமூணு வருசமா நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதான்” என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நாம் நரம்பு என்று சொன்னாலும் அது ரத்தக்குழாய்தான். தாத்தா கையில் தெரிந்ததில் பயப்பட ஒன்றுமில்லை. வயசாகித் தோல் மெலிந்தால் அப்படித் தெரியும். கால் கதை வேறு. ரத்தம் மேல்நோக்கி ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி அதை மேலே தள்ளும். உள்ளே இருக்கும் வால்வுகள் திரும்பி இறங்க விடாது. அசையாமல் நின்றால் அந்த பம்ப் ஓடாது. ரத்தம் தேங்கும், குழாய் வீங்கும். அதுதான் வெரிகோஸ் வெயின். பரம்பரை, பிரசவம், உடல் எடை என்று வேறு காரணங்களும் உண்டு. மணிக்கணக்காக நிற்பது அதை மோசமாக்கும். கவனிக்காமல் விட்டால் ஆறாத புண்ணில் கொண்டுபோய் நிறுத்தும்.

தாத்தாவும் பொழுதுக்கும் பாடுபட்டவர்தான். ஆனால் நடந்தார், குனிந்தார், களைத்தால் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சேலை எடுத்துக் காட்ட நிற்கவேண்டும், சரி. ஈ காக்கை வராத மத்தியானத்தில் நிற்பது எந்த வேலையில் சேர்த்தி? அது வேலை இல்லை சார், பணிவு. பெரிய மனுஷன் முன்னால் உட்காரக் கூடாது என்ற பழைய வழக்கம், கடைக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தார்கள். கேரளா 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021-ல், 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார, எல்லோருக்கும் இருக்கை தரவேண்டும். ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூடவேண்டியிருந்தது!

முதலாளியை மட்டும் திட்டித் தப்பிக்க முடியுமா? நாம் நுழையும்போது ஒரு பெண் உட்கார்ந்தே இருந்தால், ‘கஸ்டமர் வந்திருக்கோம், எந்திரிக்குதா பாரு’ என்று முணுமுணுப்பது யார்? தாத்தா கை நரம்பைக் கொண்டாடிய நமக்கு, இந்தக் கால் நரம்பில் நம் பங்கும் இருக்கிறது என்பது உறைக்கவேண்டாமா?

“நீங்க உட்காருங்கக்கா, நாங்க நிதானமா பார்க்கிறோம்” என்றாள் மனைவி.

அக்கா சிரித்தார். கண் மட்டும் சூப்பர்வைசர் பக்கம் போய் வந்தது. பக்கத்திலேயே ஸ்டூல் இருந்தது. அது ஏறுவதற்கு மட்டும்தானாம்.