கடைசியாக வருபவர்

இங்கிலாந்தின் அக்டோபர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. காலையில் பிடிக்கும் தூறல் மாலைவரை விடாமல் நனைக்கும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, பீக் மாவட்டத்தின் ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து ஒரு நடைக்குழுவோடு கிண்டர் மலைக்கு ஏறினேன். சரிவெங்கும் பெரணிச் செடிகள் துருநிறத்தில் காய்ந்து கிடந்தன. மேலே, பீட் என்னும் கறுப்புச் சதுப்பு மண், வைத்த காலைக் கணுக்கால்வரை வாங்கிக்கொண்டது. தனியாக வந்திருந்தால் பாதி மலையிலேயே திரும்பியிருப்பேன்.

இந்தக் குழுக்களில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர் போவார். எல்லாருக்கும் பின்னால் இன்னொருவர் வருவார். தனக்குப் பின்னே யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது பின்னால் வருபவரின் பொறுப்பு. அன்று முழங்கால் வலியோடு ஏறிய ஓர் அம்மாவுக்காகக் குழு பலமுறை நின்றது. நடக்கும்போது மழை உறைப்பதில்லை. நிற்கும்போதுதான் குளிர் எலும்பில் ஏறும். ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் உடனே கிளம்பிவிடவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் இளைப்பாறிவிட்டார்கள், அவர் இன்னும் இளைப்பாறவில்லை அல்லவா? இந்தச் சின்ன நியாயம் நம் வீடுகளிலும் வேலையிடங்களிலும் எவ்வளவு அரிது!

நாங்கள் ஏறிய மலைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இது பறவை வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்ட நிலம். 1932 ஏப்ரல் 24, அதுவும் ஒரு ஞாயிறு. பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள், 400 பேரளவில், ஹேஃபீல்டிலிருந்து தடையை மீறி ஏறினார்கள். முன்னால் நின்றவர்களில் பென்னி ராத்மனுக்கு வயது 20. காவலாட்களுடன் கைகலப்பு நடந்தது. ஐவர் சிறை சென்றார்கள். 1951இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. மலைகளிலும் திறந்த மேட்டுநிலங்களிலும் காலாற நடக்கும் உரிமையைச் சட்டம் தந்தது 2000ஆம் ஆண்டில்தான். ராத்மன் அப்போது உயிரோடு இருந்தார்; முதுமையில் இருந்தார்.

நடை என்றாலே தனிமைதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் தனிமை பிடிக்கும். ஆனால் இந்த மலையில் ஒருவர் தனியாக நடக்கும் உரிமைகூட, கூட்டமாக நடந்தவர்களால் வந்தது. 1932இல் ஒருவர் ஒற்றை ஆளாக ஏறியிருந்தால் காவலாள் திருப்பி அனுப்பியிருப்பான். என்னை மழை திருப்பி அனுப்பியிருக்கும்.

நீங்கள் வேகமாக நடப்பவரா? அடுத்த முறை நண்பர்களோடு போகும்போது, கடைசி ஆளாக வரும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழை நாளாக இருந்தால் கட்டாயம்.