சளிப்பூஞ்சையின் அறிவும் அறத்தின் எல்லையும்

முன்னுரை

உயிர்களை அறிவுநிலை கொண்டு வகுத்தல் தமிழ் மரபில் தொன்மையானது. தொல்காப்பிய மரபியல் தொடுவுணர்வை ஓரறிவாகக் கொண்டு தொடங்கி, மனத்தை ஆறாம் அறிவாகக் கொண்டு முடிக்கின்றது. மூளையோ நரம்போ இல்லாத சளிப்பூஞ்சைக்கு அறிவு உண்டா என்னும் வினா இன்று அறிவியலாளரிடையே விவாதிக்கப்படுகின்றது. அவ்விவாதத்தில் ‘அறிவு’ என்னும் சொல் பெறும் பொருளையும், அதனால் எழும் அறவியல் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

புதிர்வழியும் பழக்கமும்

சளிப்பூஞ்சை பெயரளவிலேயே பூஞ்சை. மட்கிய மரத்திலும் இலைச்சருகிலும் வாழும் தனிவகை உயிரி. ஃபைசாரம் பாலிசெபாலம் என்னும் இனம் எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே உயிரணுவாகப் படர்வது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தோஷியுகி நகாககி குழுவினர், இவ்வுயிரி படர்ந்திருந்த புதிர்வழியின் இரு முனைகளில் உணவை வைத்தனர். அது முட்டுவழிகளிலிருந்து பின்வாங்கி, மிகக் குறுகிய வழியில் மட்டும் தடித்த குழாயொன்றை நிலைநிறுத்தியது. 2016இல் பிரான்சில் ஆட்ரே துசுதூர் குழுவினர், கசப்பான குவினைனை முதலில் தவிர்த்த இவ்வுயிரி நாளடைவில் அதனைப் பொருட்படுத்தாது கடந்ததைப் பதிவு செய்தனர்.

இதனை அறிவு என்பர் ஒரு சாரார். நீர்மம் மிகுதியாக ஓடும் குழாய் தடிக்கின்றது, குறைவாக ஓடுவது மெலிகின்றது. இதில் சிந்தனைக்கு இடமில்லை என்பர் மறுசாரார். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு உண்டெனக் கொண்ட தொல்காப்பியர் நோக்கில், வினா ‘அறிவு உண்டா’ என்பதன்று. ‘எத்தகைய அறிவு’ என்பதே. ஆயினும் தொல்காப்பியம் இவ்வுயிரியை முன்பே அறிந்திருந்தது எனக் கொள்ளல் பொருந்தாது. கண்ணில்லாத இவ்வுயிரி ஒளியை உணர்ந்து விலகுகின்றது. அப்பகுப்பின் எப்படியிலும் இது முழுமையாக அடங்குவதில்லை.

முதுமலை அமீபாக்கள்

மைசூருவிலிருந்து உதகை செல்லும் நெடுஞ்சாலை பந்திப்பூர், முதுமலைக் காடுகளை ஊடறுத்துச் செல்கின்றது. முதுமலை மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் மற்றொரு வகைச் சளிப்பூஞ்சைகள் வாழ்கின்றன. இவை தனித்தனி அமீபாக்கள். இரை குன்றியதும் திரண்டு ஓருடலாகின்றன. ஒரு பகுதி காம்பாகி மாய, எஞ்சியவை அதன்மேல் வித்துகளாகப் பிழைக்கின்றன. டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்னும் இனத்தில் மாய்வன ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையாவும் உடனாய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய குழுக்கள் பெரும்பாலானவற்றில் பல மரபுவழி அமீபாக்கள் கலந்திருப்பதைக் காட்டியது. எனவே, தன் மரபைக் காக்க மாய்கின்றன என்னும் விளக்கம் மட்டும் போதுவதாக இல்லை.

இம்மாய்வை அறிவியலார் ‘பிறர்நலம்’ என்பர். காம்பாகாது தப்பும் அணுவை ‘ஏமாற்றுவோர்’ என்பர். இங்கு அறச்சொற்கள் உருவகமாகவே நிற்கின்றன. வள்ளுவர் குறளின் 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’ எனப் பெயர் பெறுகின்றது. ஒப்புரவு செய்யப்படுவது மட்டுமன்று, அறியப்படுவதும் ஆகும். மறுக்கும் வாய்ப்பிருந்தும் கொடுப்பவனே ஒப்புரவாளன். அமீபாவுக்கு அவ்வாய்ப்பு உண்டெனக் கொள்ளச் சான்றில்லை.

நிறைவுரை

சளிப்பூஞ்சை உணர்கின்றது, பழகுகின்றது. இவற்றை அறிவின் படிகள் எனலாம். ஆனால் அதன் மாய்வை ஈகம் எனப் போற்றின், ஈகம் செய்யும் மனிதனின் பொறுப்பு இயக்கமாகக் குறுகிவிடும். அதே வேளையில், அறம் செய்ய இயலாத உயிர் அறத்தின் காப்புக்கு உரியதன்று எனல் தவறு. அறியும் ஆற்றல் பெற்றோர்க்கே, அதனைப் பெறாத உயிர்களையும் பேணும் கடமை உண்டு.