முதலில் காற்று, பிறகு அக்கினி

இந்த மாதம் ஒரு சாட்சியோடு உங்களைச் சந்திக்கிறேன். சாட்சிதான், ஆனால் இதில் என் வெட்கமும் இருக்கிறது. மறைக்காமல் சொல்லுகிறேன்.

2010-ம் வருஷம் ஜனவரி மாதம். அப்போது நான் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து டீ குடிக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன். "யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போவோமா? பனியில கூடாரம் போட்டுத் தூங்குவோம்!" எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு வார்த்தை ஜெபம் இல்லை. அனுபவமுள்ள ஒருவரிடத்தில் விசாரிக்கவும் இல்லை. ஞாயிறு ஆராதனை ஞாபகத்துக்கு வந்தது. "ஒரு வாரந்தானே" என்று தள்ளிவிட்டேன். சனிக்கிழமை விடியுமுன்னே கார் புறப்பட்டது.

அந்த இடத்தின் அழகை என்ன சொல்ல! கடல் மட்டத்துக்கு 4,000 அடி உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு. தரையெல்லாம் வெள்ளைப் பனி. எல் கேப்பிட்டன் என்கிற ஒரே பாறை, தரையிலிருந்து சுமார் 3,000 அடிக்கு நெட்டுக்குத்தாய் நிற்கிறது. அதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து தானாக ஸ்தோத்திரம் வந்தது. ஆனாலும் சிருஷ்டிகரைத் துதித்த அதே வாய், அன்று ராத்திரி செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அங்கே முகாம் போடுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சாப்பாடு, சோப்பு, பற்பசை, வாசனையுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்கக்கூடாது. கரடி மோப்பம் பிடித்து வந்துவிடும். ஒவ்வொரு முகாம் இடத்திலும் இதற்கென்றே இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஒரு பிஸ்கட் விடாமல் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். "இனி கரடி வந்தா என்ன செய்யும்!" என்று சிரித்தோம்.

இருட்டினதும் குளிர் பிடித்துக்கொண்டது. எங்களிடம் இருந்ததோ கோடைகாலத்துக் கூடாரமும் மெல்லிய கம்பளியும்தான். மேலே எத்தனை போர்த்தினாலும், உறைந்த தரை கீழேயிருந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டேயிருந்தது. பயணத்தைத் தொடங்கினவன் நான். நண்பர்கள் நடுங்குவதைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது. கோழி சுட்ட கரி அடுப்பில் கங்கு இன்னும் சிவப்பாக இருந்தது. அதைத் தூக்கிக் கூடாரத்துக்குள் வைத்தேன். "புகையே இல்ல பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி ஜிப்பை முழுசாக இழுத்து மூடினேன். ஆஹா, என்ன கதகதப்பு!

வாசல் ஓரத்தில் எங்களில் இளையவரான ஒரு தம்பி படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜிப்பைத் திறந்தார். "டேய், குளிருது, மூடுடா!" என்று அதட்டினோம். மூடினார். மறுபடியும் திறந்தார். "அண்ணே, மூச்சு முட்டுதுண்ணே, தலை வலிக்குது" என்றார். "உனக்கு எப்பவும் ஏதாவது ஒரு குறை" என்று சொல்லி நானே எழுந்து மூடினேன். மூன்றாம் முறை அவர் யாரையும் கேட்கவில்லை. தவழ்ந்து வெளியே போய்ப் பனியில் விழுந்து வாந்தியெடுத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது, பிரியமானவர்களே. ஆனால் காலை அசைக்க முடியவில்லை. அசைக்க மனமும் இல்லை. "இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கிட்டு எழும்பலாம்" என்று மட்டும் தோன்றியது.

அந்தத் தம்பி கூடாரத்தை இரண்டு பக்கமும் திறந்துபோட்டு, எங்களைக் காலைப் பிடித்துப் பனிக்குள் இழுத்தார். பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் ஓடிவந்து அடுப்பை வெளியே எறிந்து, உதவிக்கு ஆள் அழைத்தார். ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் தெளிந்தோம். நால்வரும் பிழைத்தது தேவனுடைய சுத்த கிருபை.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மணத்துக்கு வரும் கரடிக்குப் பயந்து எல்லாவற்றையும் பூட்டினோம். மணமே இல்லாத சத்துருவை நானே உள்ளே தூக்கிவந்தேன்.

இதை யோசித்தபோது ஆவியானவர் எனக்கு மேல்வீட்டறையை ஞாபகப்படுத்தினார். அங்கே முதலில் வந்தது என்ன? அக்கினியா? இல்லை. பலத்த காற்றின் முழக்கம் வீடு முழுவதையும் நிரப்பிற்று. அதற்குப் பின்புதான் அக்கினிமயமான நாவுகள் வந்தன (அப். 2:2, 3). முதலில் காற்று, பிறகு அக்கினி. நாமோ "அக்கினி வேண்டும், அக்கினி வேண்டும்" என்று கூப்பிட்டுக்கொண்டே, காற்று நுழையும் வாசலை இழுத்து மூடுகிறோம்.

வீட்டில் மனைவி, "ஏங்க, ஒரு வாரமா குடும்ப ஜெபம் இல்லையே" என்கிறாள். அது ஜிப் திறக்கிற சத்தம். "சும்மா இரு" என்று மூடிவிடுகிறோம். சபையில் ஒரு வாலிபன் எழும்பி, "ஐயா, இது சரிதானா?" என்று தாழ்மையாய்க் கேட்கிறான். "இவனுக்கு எப்பவும் குறைதான்" என்கிறோம். பத்து வருஷமாக அதே ஆறு குடும்பம் கூடுகிற ஜெபக் குழுவுக்குப் புதிதாய் ஒரு சகோதரி வந்தால், நகர்ந்து இடம் கொடுக்க மனமில்லை. உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தலை வலிக்கிறதா? ஜெபத்தில் தூக்கம் வருகிறதா? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மனசு சொல்லுகிறதா? தேவ பிள்ளையே, அது இளைப்பாறுதல் அல்ல. எழும்பு!

அன்று குளிரை உள்ளே விட்டவன் என்று நாங்கள் திட்டின தம்பிதான் எங்களைக் காப்பாற்றினார். மறுநாள் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்று அழுதார். உங்கள் வாசலண்டை படுத்திருக்கிறவர் யார்? யாருடைய வாயை மூடினீர்கள்? இன்றைக்கே போய்ப் பேசுங்கள்.

சரீரத்துக்கும் ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பு வைக்காதேயுங்கள். கங்கு சாம்பல் பூத்திருந்தாலும் வேண்டாம்.

ஜெபிப்போமா? அன்பின் ஆண்டவரே, நாங்கள் மூடின வாசல்களை நீரே திறந்தருளும். கண்டித்து எழுப்புகிறவர்களை நேசிக்கும் இருதயத்தைத் தாரும். உம்முடைய காற்று எங்கள் வீட்டிலும் சபையிலும் வீசட்டும், பிறகு உம்முடைய அக்கினி இறங்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென். அல்லேலூயா!