விளைச்சலில் முதல் உரிமை யாருக்கு?

மலபாரில் நெல் விளைந்த வயல்கள் தென்னந்தோப்புகளாயின. தேங்காய் ஆலைக்குப் போய் எண்ணெயாயிற்று; எண்ணெய் சோப்பாயிற்று. ஜே.சி. குமரப்பா ஜபல்பூர் சிறையில் எழுதி 1945-ல் வெளியான 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத நேரம் அது. சோறு தரவேண்டிய மண் சோப்பு தந்துகொண்டிருப்பதை விலைக் கணக்காக மட்டும் பார்க்க அவரால் முடியவில்லை.

குமரப்பா கணக்குத் தெரியாதவர் அல்லர். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் தணிக்கையாளர் பயிற்சி பெற்றவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1934-ல் காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்; அதே சிறைவாசத்தில்தான் இயேசுவின் போதனையைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அவரிடம் பொருளாதாரமும் இறையியலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன.

அரசு ஒரு விளைபொருளுக்குக் கைகொடுக்கும்போது பணம் மட்டும் கைமாறுவதில்லை. நிலம் யாருக்காக உழைக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்பு வரி வந்தது. 30 சொச்சமாக இருந்த ஆலைகள் ஐந்தே ஆண்டில் 130-ஐத் தாண்டின. கரும்பின் தோல்கூட மாறியது: வெல்லம் காய்ச்சவும் கடித்துத் தின்னவும் மெல்லிய தோல் கரும்பு போதும், ஆலைக்கோ தடித்த தோல் வேண்டும். குமரப்பா இதற்கு மாற்றாகச் சொன்னது இன்றைய காதுக்கு முரட்டுத்தனமாகவே படும். ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதிக்கு எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி, பருத்தி தேவை என்று முதலில் கணக்கிட வேண்டும். இன்ன நிலத்தில் இன்ன பயிர் என்று உரிமம் தர வேண்டும். உழவரின் விருப்பத்தில் அரசு இவ்வளவு தூரம் தலையிடுவது ஏற்கத்தக்கதல்ல. ஆனால் மானியமும் காப்பு வரியும் கொள்முதல் விலையும் அதே தலையீட்டை ஓசையில்லாமல் செய்கின்றன என்பதை மறுக்க முடியாது. அந்தத் தலையீடு எந்த ஒழுங்கின்படி நடக்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு இன்று எத்தனால் என்று பெயர். 2013-14-ல் பெட்ரோலில் ஒன்றரை விழுக்காடு கலந்த இந்தியா, 2025-ல் 20 விழுக்காட்டைத் தொட்டது. வடிசாலைகளுக்கு வட்டி மானியம், எண்ணெய் நிறுவனங்கள் தரும் உறுதியான விலை, 18-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்த ஜிஎஸ்டி என்று அரசு எல்லாப் பக்கமும் தாங்கிப் பிடித்தது. பலனும் உண்டு. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் அந்நியச் செலாவணி கொஞ்சம் மிச்சமாகிறது. நிலுவைக்காக ஆலை வாசலில் காத்துக் கிடந்த கரும்பு விவசாயிக்குப் பணம் விரைவாக வர வழி பிறந்தது. இதைச் சிறிதாக எண்ணுபவர் வெட்டுக்கூலி பாக்கி வைத்து அறியாதவராக இருக்க வேண்டும்.

ஆனால் எத்தனால் எல்லாம் ஒரே எத்தனால் அல்ல. சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடிப்பது ஒன்று. கரும்புச் சாற்றையே நேராக வடிப்பது வேறு. இந்திய உணவுக் கழகக் கிடங்கின் அரிசியை வடிப்பது முற்றிலும் வேறு. 2024-25-ல் எத்தனாலுக்கென 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கப்பட்டது. வாங்கி, சேமித்து, கொண்டுசேர்க்க அரசுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய் ஆகும் அரிசி 22.50 ரூபாய்க்குப் போனது. ரேஷனில் ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று கணக்கிட்டால் அது எட்டரைக் கோடிப் பேரின் ஓராண்டு அரிசி. கிடங்குகள் நிரம்பி வழிந்தன, யாருடைய ரேஷனும் குறைக்கப்படவில்லை என்பது உண்மை. மக்காச்சோளமும் வடிசாலைக்குத் திரும்பியதில், ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-ல் இறக்குமதியாளராயிற்று என்பதும் உண்மை. தீவன விலை ஏறினால் நாமக்கல் கோழிப்பண்ணையில் சுமை கூடும். சத்துணவு முட்டை அங்கிருந்துதான் வருகிறது.

உணவுப் பொருளை வேறெதற்கும் தொடவே கூடாது என்று எந்த மரபும் சொன்னதில்லை. விளக்கெரிந்தது நல்லெண்ணெயில். நெசவாளர் பாவுக்குப் பூசியது அரிசிக் கஞ்சி. மரபுகள் வற்புறுத்தியது வரிசையை. அன்னமே பிரம்மம் என்ற படியிலிருந்துதான் தைத்திரீய உபநிடதத்தில் பிருகு ஆனந்தம் வரை ஏறுகிறார். கீழ்ப்படியைத் தாண்டி மேலே போக வழியில்லை. வள்ளலார் வடலூரில் 1867-ல் தருமசாலையைத் திறந்தார். ஞானசபை வந்தது அதன் பிறகுதான். இஸ்லாத்தில் இந்த வரிசை சட்டமாகவே இருக்கிறது. நோன்புப் பெருநாளின் ஃபித்ரா தானமாகத் தரும் தானியம், பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையின் வீட்டை அடைந்துவிட வேண்டும். தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது சாதாரண தர்மமாகவே கணக்காகும். தானியத்தின் அளவு ஒன்றுதான். முன்னா பின்னா என்பதில்தான் அதன் தகுதி.

அரசுக்கும் இந்த வரிசை தெரியாததல்ல. 2023-ல் அரிசி விலை ஏறியதும் ஜூலையில் வடிசாலைகளுக்கு உணவுக் கழக அரிசி நிறுத்தப்பட்டது. டிசம்பரில் கரும்புச் சாற்றை வடிப்பதற்கும் தடை வந்து, பிறகு வரம்போடு தளர்த்தப்பட்டது. நெருக்கடி வந்தால் வயிறு முதலில், வண்டி பிறகு என்பதை ஒரே உத்தரவில் ஒப்புக்கொள்கிறார்கள். விளைச்சல் திரும்பியதும் அந்த வரிசை எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை. பஞ்சத்துக்கு மட்டும் பொருந்தும் அறம் என்று ஒன்று இருக்க முடியுமா?

குமரப்பா பனையைத் தூக்கிப் பிடித்ததன் காரணம் இங்கே விளங்கும். வரப்பிலும் தேரி மணலிலும் பாசனமின்றி நிற்கும் மரம் இனிப்பைத் தருமானால், கரும்பு பிடித்திருக்கும் நல்ல நிலம் தானியத்துக்குக் கிடைக்கும். பனை யாருடைய சோற்றோடும் போட்டியிடுவதில்லை. ஆனால் அதன் உழைப்பு கடுமையானது. பனையேறி தளைநாரைக் காலில் மாட்டி, பாளை அரிவாளோடு காலையும் மாலையும் ஏறுகிறார். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சொட்டினால் பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் கள். விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் பெண்கள் புகைக்குள் உட்கார்ந்து அதைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். அதுதான் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழக அரசு 2021-ல் தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்துக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கியது. ரேஷன் கடைகளில் கருப்பட்டி விற்கப்படும் என்றும் சொன்னது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஏற ஆளில்லாமல் மரங்கள் சும்மா நிற்கும் ஊர்களில் விதை ஊன்றுவது மட்டும் போதாது. ஏறுபவருக்கு விபத்துக் காப்பீடும் கருப்பட்டிக்கு உறுதியான கொள்முதல் விலையும் வேண்டும். எத்தனாலுக்குத் தர முடிந்த விலை உறுதியைப் பதநீருக்கு மறுக்க நியாயம் ஏதுமில்லை.

எத்தனால் ஆண்டு நவம்பர் முதல் தேதி தொடங்குகிறது. அதற்கு முன் எந்த மூலப்பொருளிலிருந்து எத்தனை லிட்டர் என்று ஒதுக்கீடு வெளியாகும். ரேஷனுக்கும் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் எவ்வளவு தானியம் போகிறது, தீவனத்துக்கு எவ்வளவு வேண்டும், கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்பவற்றை அந்த அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிடச் சட்டம் செய்யலாம். மொலாசஸுக்கும் உடைந்து கெட்ட தானியத்துக்கும் மானியம் அதிகம், உண்ணத்தக்க அரிசிக்கு மானியமே இல்லை என்று விலையிலேயே வரிசையை எழுதிவிடலாம். இதற்கு உரிமமோ போலீசோ தேவையில்லை.