நிலமும் உரிப்பொருளும்: ஆன்டன் மாவின் ஓவியங்களும் முல்லைத்திணையும்

முன்னுரை

நிலக்காட்சி ஒன்றைக் காணுங்கால் எழும் உணர்வு நிலத்திற்கு உரியதா, காண்போர் உள்ளத்திற்கு உரியதா என்பது மெய்யியலார் வினவும் வினா. அவ்வுணர்வைத் துய்ப்போர் அந்நிலத்தில் உழைப்போர்க்குக் கடன்பட்டவர்களா என்பது அதனினும் அரிய அறவினா. நெதர்லாந்து ஓவியர் ஆன்டன் மாவின் (1838-1888) ஓவியங்களைத் தொல்காப்பியத் திணைக்கோட்பாட்டின்வழி நோக்கி, இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

ஓவியமும் திணையும்

ஹேக் ஓவியர் குழுவைச் சார்ந்த மாவ், தம் இறுதிக் காலத்தில் லாரன் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, மேய்ச்சல் வெளியையும் ஆட்டு மந்தைகளையும் தீட்டினார். வானம் சாம்பல் நிறம், ஒளி மங்கல், வீரச்செயலோ கதையோ இல்லை. மந்தையும் அதனுடன் செல்லும் இடையனுமே உண்டு. மேய்ச்சல் நிலமும் மந்தை திரும்பும் பொழுதும் முதற்பொருள். ஆடும் ஆயர் தொழிலும் கருப்பொருள். தமிழ் மரபறிந்தார்க்கு இது முல்லை.

எனினும், முல்லைக்குரிய இருத்தல் இங்கு யாருடையது? அகப்பாடலில் காத்திருக்கும் தலைவி உண்டு, இவ்வோவியங்களில் இல்லை. ஆகவே, உரிப்பொருளைக் காண்போரே நிரப்புகின்றனர். உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்னும் தொல்காப்பியக் கருத்து ஈண்டு நோக்கத்தக்கது. நிலம் உணர்வுக்கு இடந்தருமேயன்றித் தானே உணர்வாகாது என்பது இதனாற் பெறப்படும்.

உழைப்போர் இடம்

காண்போர் தம் உணர்வால் நிரப்புங்கால் இடையனின் உணர்வு மறைகிறது. அவனும் ஆட்டைப் போலக் கருப்பொருளாகிவிடுகிறான். இக்குறை தமிழ் மரபிலும் உண்டு. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைகளுக்கே உரியர் என்று தொல்காப்பியத்திற்குப் பொருள் கண்டனர் உரையாசிரியர். ஆனால், முல்லைக்கலி ஆயரையும் ஆய்ச்சியரையும் தம் வாயாலேயே பேச வைத்தது. மாவிடம் 1881-82இல் சிறிது காலம் பயின்ற வின்சென்ட் வான் கோவும், 1885இல் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியத்தில் உழவர் முகங்களை முன்னிறுத்தினார். மாவ் இடையனின் துயரைக் காட்சிப்பொருளாக்காததை மதிப்பு எனவும் கொள்ளலாம். ஆயின், அம்மௌனத்தைத் தம் விருப்பம்போல் பொருள்கொள்ளும் உரிமை காண்போர்க்கு இல்லை.

வேங்கடத்திற்குத் தெற்கே, தமிழும் தெலுங்கும் வழங்கும் சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூரில் மாலையில் மந்தை திரும்பும் காட்சி, தமிழ் கற்றார்க்கு முல்லையாகத் தோன்றலாம். ஓட்டி வருவோர்க்கோ அது மழை பொய்த்த ஆண்டின் தீவனக் கணக்காக இருக்கலாம்.

முடிவுரை

நிலக்காட்சியைச் சுவைத்தல் குற்றமன்று. தம் உணர்வையே உழைப்போரின் உணர்வாகக் கொள்வதே குற்றம். தாம் நிரப்பிய உரிப்பொருள் தம்முடையதே என்று அறிதலும், இடையனின் உரிப்பொருள் வேறாகலாம் என்று இடம் விடுதலும் காண்போர் செலுத்தவேண்டிய கடன் எனலாம்.