முதலில் கேள்வி, பிறகு திரை

தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். கோடு இருக்கிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி. காட்டுவதற்குப் பொருள் நிறையவே உண்டு. அதை எப்போது காட்டுவது என்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது.

தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புவியியல் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்: "சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்?" பிள்ளைகள் நோட்டில் கோடு போட்டு ஊகிக்கட்டும். தப்பாகவே போடட்டும். அதன்பிறகு செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால், செம்பாக்கம் ஏரியும் அதற்கப்பால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் அவர்களே தேடிய விடையாக வந்து நிற்கும். கூகுள் எர்த்தில் ஆண்டைப் பின்னுக்கு நகர்த்தினால் வீடுகள் குறைந்து வெட்டவெளி விரியும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்தை அடுத்த முடிச்சூருக்குள் ஏன் அப்படிப் புகுந்தது என்ற கேள்வி, யாரும் தூண்டாமலே அங்கே பிறக்கும். ஊகிக்காமல் பார்த்த படம், பார்த்ததோடு போய்விடும்.

இதற்கு ஆளுக்கொரு கணினி வேண்டாம். ஒரு கைபேசியும் ஒரு புரொஜெக்டரும் போதும். வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிற பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களுக்காகவாவது இது வகுப்பறையிலேயே, எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும். வீட்டுப்பாடமாகப் பாட்டியிடம் ஒன்று கேட்டு வரச் சொல்லலாம்: நம் தெரு இருக்கிற இடத்தில் முன்பு என்ன இருந்தது?