இனாம்

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று கடந்து திண்டிவனம் வந்துவிடும். அந்தச் சிறிய பிரயாணத்தில், அண்ணாவுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பியிருந்தார் அவர். எங்கள் இருவருக்குமே சர்க்கரை வியாதி உண்டு. அப்பா விட்டுப்போனவற்றில் நாங்கள் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

“கொஞ்சம் நாக்கைக் கட்டியிருக்கலாமே, அண்ணா” என்றேன்.

அண்ணா சிரித்தார். அண்ணிதான் பதில் சொன்னார்: “பதினெட்டு வருஷமா இவர் பாயசத்தைத் தொட்டதில்லே, தம்பி. போன தீபாவளிக்கு நாலு ஜாங்கிரி சாப்பிட்டது நீங்கதான்.”

எனக்குச் சுருக்கென்றது. என் ரத்தக் குழாய்களில் அடைப்பில்லை என்று சோதனை சொல்லியிருந்தது.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2001-இல் வெளியாயிற்று. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு இருதயத் தமனி நோய் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்களிலோ 21 பேருக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: அதே வியாதியுள்ள மற்ற 79 பேருக்கு இல்லை! ஏன் இந்தப் பாரபட்சம்?

ஒரு விடை 2002-இல் அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே கிடைத்தது. சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து கசியும் ஹீமோகுளோபினைப் பிடித்து அடக்க, ஹாப்டோகுளோபின் என்றொரு புரதம் ரத்தத்தில் இருக்கிறது. அதற்கான மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தாய் ஒன்று தருகிறாள், தந்தை ஒன்று தருகிறார். இரண்டுமே இரண்டாம் வடிவமாக வாய்த்த சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, இரண்டும் முதல் வடிவமாக வாய்த்தவர்களைவிட இருதய நோய் வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு என்று கண்டார்கள். இப்படிச் சின்னதும் பெரியதுமாய் இன்னும் பல வேறுபாடுகள் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களும் இந்தக் குலுக்கலில் வேறு வேறு சீட்டு எடுக்கலாம்.

அப்படியானால் எல்லாம் தலைவிதிதானா? இல்லை. புகையும், ரத்தக் கொதிப்பும், கொழுப்பும் குழாயைக் கெடுப்பது எல்லோருக்கும் பொது. அவற்றை அடக்கினால் அபாயம் குறைவதும் பொது. பத்தியம் இருந்திராவிட்டால் அண்ணாவுக்கு இது பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாம். வராமற்போன வியாதியை யார் கண்ணால் பார்க்க முடியும்? அதனால்தான் பத்தியத்தின் பலன் நமக்குத் தெரிவதில்லை. வந்த வியாதி மட்டும் தெரிகிறது. தெரிந்தவுடன் குற்றவாளியைத் தேடுகிறோம்.

மூட்டை சுமந்து மேடு ஏறுகிறவனைப் பார்த்து, வெறுங்கையுடன் சமதரையில் நடக்கிறவன், “ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?” என்று கேட்பது நியாயமா? என் ஆரோக்கியத்தை என் ஒழுக்கத்துக்குக் கிடைத்த சம்பளம் என்று எண்ணியிருந்தேன். அது இனாம். இனாமாக வந்ததை ஊதாரித்தனமாகச் செலவழித்துக்கொண்டு, சம்பாதித்துச் சேர்த்தவருக்குச் சிக்கனம் போதிக்கப் போயிருக்கிறேன்!

புறப்படும்போது அண்ணி காபி கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. நானும் கேட்கவில்லை.